சைடிங் ஓரத்து நாற்பது கட்டம்

வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடியில் இருக்கும் ரமாபாய் என்ன வேலை பார்க்கிறாள் என்று அந்த பிளாக்கில் விசாரித்தால் ஆளுக்கொரு பதில் வரும். காலேஜில் பாடம் எடுக்குது என்பார் ஒருத்தர். முப்பத்தஞ்சு வயசாவுது, இன்னும் படிச்சிகினே கீது, எப்பதான் முடிக்குமோ என்பார் இன்னொருத்தர். கீழ்வீட்டு ஜெமிமா மட்டும் சிரித்துக்கொண்டே, "அது புல்லு எண்ணப் போவுதுங்க" என்பாள். மூன்று பதிலும் சரிதான். வாரத்தில் நாலு நாள் ஒரு காலேஜில் தாவரவியல் கௌரவ விரிவுரையாளர். மிச்ச நாளில் ஆராய்ச்சி மாணவி. ஆராய்ச்சிக்காக எண்ணுவது புல்தான்.

யாரும் நடாத, யாரும் தண்ணீர் ஊற்றாத, யாருக்கும் வேண்டாத செடிகள் இந்த ஊரில் எங்கே வருகின்றன, எது முதலில் வருகிறது, எது அப்புறம் வருகிறது, வந்த பிறகு அந்த மண்ணை என்ன செய்கின்றன? இதுதான் அவளுடைய கேள்வி. கூடப் படித்தவர்கள் எல்லாம் கொல்லிமலைக்கும் ஆனைமலைக்கும் மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள். இவள் எண்ணூர் போகிற ஷேர் ஆட்டோவில் ஏறினாள். வழிகாட்டிப் பேராசிரியர் சுப்புராயன் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "அங்கே என்னம்மா இருக்கு?" என்று கேட்டார். "அதைத்தான் சார் பார்க்கணும்" என்றாள். வாய் ஜாஸ்திதான். ஆனால் அந்த வாய் இல்லாவிட்டால் வியாசர்பாடியிலிருந்து பிஎச்.டி. வரைக்கும் யார் வந்துவிட முடியும்?

அவள் பிடித்த இடம் திருவொற்றியூரைத் தாண்டி, கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் நெடுஞ்சாலைக்குப் பின்னால் இருக்கிறது. ஒரு காலத்தில் கூட்ஸ் வண்டிகள் வந்து நிலக்கரி இறக்கிய கிளை ரயில் பாதை. வண்டி நின்று இருபது வருஷத்துக்கு மேலாகிறது. தண்டவாளத்தைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கட்டைகள் மட்டும் அங்கங்கே மண்ணுக்குள் கிடக்கின்றன. மண் என்றா சொல்வது அதை? கரித்தூளும் சாம்பலும் ஜல்லியும் சேர்ந்து கெட்டிப்பட்ட கறுப்புத் தரை. ஒரு பக்கம் கம்பிவேலி போட்ட காலி மனை. இன்னொரு பக்கம் இருபத்தாறு வீடுகள், பாதி தகரம், பாதி செங்கல். எந்த அரசாங்கத் தாளிலும் அந்த இடத்துக்குப் பேர் இல்லை. அங்கே இருப்பவர்கள் 'சைடிங்' என்பார்கள்.

இந்த வேலையில் கஷ்டமான விஷயம் ஒன்றே ஒன்றுதான். எண்ணின இடத்திலேயே திரும்ப எண்ண வேண்டும். பிளம்பர் பைப்பில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சட்டம் ஒன்று செய்து வைத்திருந்தாள். அதைத் தரையில் போட்டு, உள்ளே என்னென்ன செடி, எத்தனை என்று மண்டி போட்டு எண்ணுவாள். சாரணை ஏழு. குப்பைமேனி மூன்று. பூளை ஒன்று. இப்படி நாற்பது கட்டம். ஒவ்வொரு தை மாதமும், மழை ஓய்ந்து செடிகள் எழுந்து நிற்கும்போது, அதே நாற்பது கட்டத்தில் அதே சட்டத்தைப் போட வேண்டும். ஒரு முழம் தள்ளிப் போட்டால் அது வேறு இடம், வேறு கணக்கு. வருஷத்துக்கு வருஷம் என்ன மாறியது என்பதுதானே ஆராய்ச்சி. இடமே மாறிவிட்டால் எதை வைத்து எதை ஒப்பிடுவது?

முதல் வருஷம் அவள் சட்டத்தைப் போட்டபோது சின்னப் பிள்ளைகள் சுற்றி நின்று, "மேடம், பாண்டி ஆடப் போறியா?" என்று கேட்டன. பெரியவர்கள் இரண்டு நாள் வேடிக்கை பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். ஆடு மேய்க்கிறாளா, இல்லை. இடம் வாங்கப் போகிறாளா, முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. தரையைப் பார்த்துப் பேசுகிறாள், நோட்டில் எழுதுகிறாள். பாவம், படிச்சிப் படிச்சி இப்பிடி ஆயிடுச்சி என்று தீர்ப்புச் சொல்லி, குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள்.

இரண்டு வருஷம் கட்டத்தின் மூலையில் ஒரு பெரிய ஆணியை அடித்துத்தான் அடையாளம் வைத்திருந்தாள். அப்புறம் வந்ததே மிக்ஜாம் புயல் வெள்ளம்! மழையோடு கடல் முகத்துவாரத்து உப்புத் தண்ணீரும் ஏறி, சைடிங் முழுக்க இடுப்பளவு தண்ணீர். வடிந்தபோது சேறும் மணலும் எல்லாவற்றையும் மூடிவிட்டிருந்தன. அந்தத் தை மாதம் ஆணிகளைத் தேடியே பதினோரு நாள் போயிற்று. முட்டி தேய, நகம் பிய்ய, கடைசியில் நாற்பதையும் கண்டுபிடித்தாள். இனி இந்தப் பாடு ஆகாது என்று ஒரு முடிவெடுத்தாள். இரண்டடி இரும்புக் கம்பி நாற்பது வெட்டி, தலையில் சின்னத் தகடு வைத்து வெல்டிங் செய்து, ஒன்று முதல் நாற்பது வரை நம்பர் எழுதி, தூரத்திலிருந்தே கண்ணில் படட்டும் என்று பளிச்சென்று சிவப்பு பெயிண்ட் அடித்தாள். காலேஜிலிருந்து இரண்டு மாணவிகளைக் கூட்டிப்போய், ஒரே பகலில் ஆணிகளைப் பிடுங்கிவிட்டு அந்தந்த இடத்திலேயே நாற்பதையும் நட்டுவிட்டு வந்தாள். அன்றைக்கு அவளுக்கு எவ்வளவு நிம்மதி! வீட்டுக்கு வரும்போது பிரியாணி வாங்கிக்கொண்டு வந்தாள்.

அடுத்த தை மாதம் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு போய் நின்றவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு கம்பியைக்கூடக் காணோம். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் நடந்தாள். திரும்பி நடந்தாள். பச்சையும் கறுப்புமாகத் தரை கிடக்கிறது, சிவப்பாக ஒரு பொட்டு இல்லை. போனில் இடம் குறித்து வைத்திருந்தாள்தான். ஆனால் போன் காட்டுவது பத்தடி முன்னே பின்னே. எடுத்து வைத்த போட்டோவிலும் எல்லா இடமும் ஒரே மாதிரி. அங்கேயே ஒரு கட்டையின் மேல் உட்கார்ந்து சுப்புராயனுக்குப் போன் போட்டாள்.

அவர் நல்ல மனுஷன். திட்டவில்லை. "வேற இடம் பார்த்து ஆரம்பிக்கலாம்னா உனக்கு டைம் இல்லையேம்மா. அடுத்த வருஷக் கடைசிக்குள்ள தீசிஸ் கொடுக்கணும். மூணு வருஷக் கணக்கை வெச்சு நாலாவது இல்லாம என்ன எழுதுவே? வெள்ளத்துக்கு அப்புறம் என்ன ஆச்சுங்கறதுதானே உன் ஆராய்ச்சியே?" என்றார். அவர் சொன்னது ஒவ்வொன்றும் உண்மை. மூன்று வருஷம், ஐந்து வருஷம் என்று தள்ளிப்போட்ட கல்யாணப் பேச்சு, அம்மாவின் முட்டி ஆபரேஷன், எல்லாம் வரிசையாகக் கண் முன்னால் வந்து நின்றன.

எழுந்து வீடுகள் பக்கம் போனாள். அங்கேதான் ஒன்பதாம் நம்பரைப் பார்த்தாள். ஒரு வீட்டு வாசலில் அடித்து, அதில் ஆடு கட்டியிருந்தது. அடுத்த வீட்டில் இருபத்திரண்டாம் நம்பர் துணிக்கொடிக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. மூன்று வருஷ உழைப்பு ஆட்டுக்கும் பாவாடைக்கும் ஆகிவிட்டதைப் பார்த்தால் யாருக்குத்தான் ரத்தம் கொதிக்காது?

ஒன்பதாம் நம்பர் வாசலில் ராஜாத்தி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். விடியலுக்கு முன்னால் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய் ஏலத்தில் எடுத்து, திருவொற்றியூர் தெருக்களில் கூடையில் விற்கிறவள். நாற்பத்தைந்து வயது, கணீரென்ற குரல். சைடிங்கில் ஒரு சண்டை முடிய வேண்டும் என்றால் அவள் வர வேண்டும். ஒரு சண்டை ஆரம்பிக்க வேண்டும் என்றாலும்தான்.

"யக்கா, இந்தக் கம்பி ஏது?" என்று கேட்டாள் ரமாபாய்.

"அதுவா? குப்பையில கெடந்துச்சு."

"குப்பையில இல்ல. நான் நட்டது. நாப்பது கம்பி. எல்லாத்தையும் திருடிகினு வந்து வெச்சிகினு, குப்பையில கெடந்துச்சுன்னு கத வுடுறீங்களா?"

'திருடிகினு' என்ற வார்த்தை வாயை விட்டுப் போனதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது, தப்பு என்று. ஆனால் விட்ட வார்த்தையை எப்படிப் பிடிப்பது? ராஜாத்தி கத்தியைக் கழுவி வைத்தாள். கையைப் புடவையில் துடைத்தாள். எழுந்தாள்.

"இன்னா சொன்ன? யாரு திருடி? மூணு வருசமா புல்லு எண்றேன் புல்லு எண்றேன்னு வந்த. சரி, ஏதோ பைத்தியம் போலன்னு தண்ணி குடுத்தோம். அப்பால பாத்தா கம்பி நட்ட. நம்பர் போட்ட. செவப்பு பெயிண்டு அடிச்ச. ஏமே, புல்லுக்கு எவனாவது நம்பர் போடுவானா? அப்பதான் எங்களுக்கு வெளங்கிச்சு, நீ எண்ணுனது புல்ல இல்ல, எங்க வூட்டன்னு. வூட்ட இடிக்கிறவங்களுக்கு அளந்து குடுக்கத்தான் வந்திருக்க. எங்கள எங்கனா ஊருக்கு வெளிய கொண்டுபோயி கொட்டுவாங்க. விடியக்காத்தால காசிமேட்டுக்கு நான் எப்பிடி வருவேன், சொல்லு? பறந்தா வருவேன்?"

அதற்குள் பத்துப் பெண்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். யாரும் கத்தவில்லை. நின்று பார்த்தார்கள், அவ்வளவுதான். புல்லைத்தான் எண்ணினேன், நிஜமாகவே புல்தான் என்று ரமாபாய் சொன்னது அவளுக்கே பொய்யாகக் கேட்டது. சட்டத்தைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்து ஷேர் ஆட்டோ ஏறினாள்.

வீட்டுக்கு வந்தபோது பொழுது சாயப்போகிறது. அவள் அம்மா பட்டம்மாள் கொசு வரும் என்று சமையலறை ஜன்னலைச் சாத்திக்கொண்டிருந்தாள். அந்த ஜன்னலுக்குக் கொக்கி கிடையாது. ஒரு இரும்புப் பட்டையைக் குறுக்கே செருகித்தான் மூடுவார்கள். அந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து அப்படித்தான். ரமாபாய் பத்தாவது படித்தபோது, டிகிரி படித்தபோது, ஆயிரம் தடவை அந்தப் பட்டையைச் செருகியிருப்பாள். இன்றைக்குத்தான் அதன் நுனியைப் பார்த்தாள். துருவுக்கு நடுவே தேய்ந்துபோன சிவப்பு. அதில் ஒரு நம்பர். நூற்றுப் பன்னிரண்டு.

"ம்மா, இது ஏது?"

"இன்னாடி, புதுசா கேக்குற? நம்ப கால்வா ஓரத்து வூட்டாண்ட, இடிக்கறதுக்கு மின்ன அளந்து நட்டானுங்களே, அது. நம்ப வூட்டு நம்பரு. நான்தான் புடுங்கினேன்."

கால்வாய் ஓரத்துக் குடிசை ரமாபாய்க்கு ஞாபகம் இருக்கிறது. ஏழு வயது. புத்தகப் பையையும் ஒரு குடத்தையும் தூக்கிக்கொண்டு நடந்தது ஞாபகம் இருக்கிறது. கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த அப்பா கோதண்டம், இடித்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது ஞாபகம் இருக்கிறது. கம்பிகளைப் பிடுங்கிய கதை மட்டும் அவளுக்குத் தெரியாது. அம்மா சொல்லவே இல்லை. தோற்றுப்போன விஷயத்தை எதற்குச் சொல்வது என்று விட்டுவிட்டாளாம்.

"மத்தியானம் தண்ணி லாரி வந்திச்சு. ஆம்பளைங்க யாரும் இல்ல. கொடத்த வெச்சிட்டு அவங்கவங்க வூட்டாண்ட கீறத அவங்கவங்க புடுங்கிட்டோம். நூத்திப் பத்து லூர்து வூட்டு அடுப்பாண்ட இருந்துச்சு. நூத்திப் பதினொண்ணு பைப்புக்கு இந்தாண்ட ரெண்டு சாண். நூத்திப் பதிமூணு அந்த முருங்க மரத்துக்கும் சாக்கடைக்கும் நடுவுல. நூத்திப் பதினாலு..." பட்டம்மாள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனாள். நூற்று முப்பது வரைக்கும் சொன்னாள்.

ரமாபாய் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். "எப்பிடிம்மா இத்தினி ஞாபகம் கீது? இருவத்தியேழு வருசம் ஆச்சே!"

"மறக்குமா? பத்து நாளு சோறு தண்ணி இல்லாம அத்தயேதான பாத்துகினு குந்தினுருந்தோம்."

அங்கேதான் அவளுக்குப் பொறி தட்டியது. பயந்தவள் மறக்கமாட்டாள்! சைடிங்கில் நாற்பது கம்பிகளும் எங்கே இருந்தன என்று அவளுக்குத் தெரியாமல் போகலாம், போனுக்குத் தெரியாமல் போகலாம். அதைப் பார்த்துப் பார்த்துப் பயந்தவர்களுக்குத் தெரியாமலா போகும்?

மறுநாள் காலை ராஜாத்தி காசிமேட்டிலிருந்து திரும்பும் நேரம் பார்த்துப் போனாள். பையில் அந்த இரும்புப் பட்டை. வியாசர்பாடி ஜன்னலுக்கு அன்றைக்கு ஒரு கரண்டிதான் தாழ்ப்பாள். ராஜாத்தி கூடையை இறக்கி வைக்கும்போது, பட்டையை எடுத்து வாசற்படியில் வைத்தாள்.

"யக்கா, நேத்து நான் சொன்னது ரொம்பத் தப்பு. மன்னிச்சிடுங்க. இது எங்க வூட்டுக் கம்பி. எங்கம்மா புடுங்குனது."

ராஜாத்தி அதைக் கையில் எடுத்தாள். திருப்பிப் பார்த்தாள். துருவை நகத்தால் சுரண்டி நம்பரைப் படித்தாள்.

"அப்பால இன்னா ஆச்சு?"

"ஒரு மாசத்துல போலீசோட வந்தாங்க. எல்லாம் போச்சு. ஆளுக்கு ஒரு பக்கமா போயிட்டாங்க. எங்களுக்கு வூடு கெடைக்க நாலு வருசம் ஆச்சு."

ராஜாத்தி பட்டையை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். அப்புறம் கேட்டாள்: "இத்தினியும் தெரிஞ்சிகினு, நீயும் இதே செவப்பா அடிப்ப?"

"புத்தி போச்சுக்கா."

"புத்தி போச்சா? பெயிண்டு கடையில வேற கலரே இல்லியா?" என்றாள் ராஜாத்தி. சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ரமாபாயும் சிரித்தாள், கண்ணில் தண்ணியோடு.

கம்பி வேண்டாம், ஆட்டைக் கட்டிக்கொள்ளுங்கள், கொடி கட்டிக்கொள்ளுங்கள், அது எந்த இடத்தில் இருந்தது என்று மட்டும் காட்டுங்கள் என்று கேட்டாள் ரமாபாய். எதற்கு என்று ராஜாத்தி கேட்க, ஒளிவு மறைவில்லாமல் சொன்னாள். அதே இடத்தில் எண்ணினால்தான் கணக்கு. கணக்கு இல்லை என்றால் மூன்று வருஷமும் வீண். படிப்பும் போச்சு. ராஜாத்தி கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, வாசலில் நின்று ஒரு குரல் கொடுத்தாள். "ஏ, எல்லாரும் வாங்கடீ! கம்பி புடுங்குனவங்க எல்லாம் வாங்க! போலீசு இல்ல, நம்ப பொண்ணுதான்!"

வந்தார்கள். அவர்களும் கால்வாய் ஓரத்துப் பெண்கள் செய்த மாதிரியேதான் செய்திருந்தார்கள். யாராவது கேட்டால் ஒருத்தி மட்டும் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று, அவரவர் வாசலுக்கு எதிரே இருந்ததை அவரவரே பிடுங்கியிருந்தார்கள். யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. கையில் வேறு ஒன்றும் இல்லாதவர்களுக்கு இந்த யோசனைதான் வரும் போலிருக்கிறது.

முதலில் ராஜாத்தி ஒன்பதாம் நம்பரைக் காட்டினாள். குழாயிலிருந்து வருகிற வழியில் மூன்றாவது கட்டை, அதற்கு இந்தாண்ட ஒரு அடி. அவள் துளிகூட யோசிக்கவில்லை. ஆனால் ரமாபாய் ஆராய்ச்சிக்காரி ஆயிற்றே, சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ள முடியுமா? சோதித்துப் பார்க்க வேண்டும். மண்டி போட்டு, சின்ன மண்கரண்டியால் மேல்மண்ணை ஒரு விரல் ஆழம் வழித்தாள். கன்னங்கரேல் என்று சாம்பல் தரை. அதன் நடுவே, கட்டைவிரல் அளவுக்கு வெள்ளையாக ஒரு வட்டம். கம்பியைப் பிடுங்கிய குழியில் கடற்கரைக் காற்று கொண்டுவந்து கொட்டிய மணல்! குச்சியை விட்டால் உள்ளே அரை அடி இறங்கியது. கூடவே சிவப்பு பெயிண்ட் ஒரு செதில் மேலே வந்தது. ரமாபாய் அப்படியே உட்கார்ந்து ஓவென்று அழுதுவிட்டாள். "ஐய, புல்லுக்கு அழுவுறா பாரு" என்று யாரோ சொன்னார்கள். ஆனால் சொன்னவளின் குரலும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

அன்று மத்தியானத்துக்குள் முப்பத்தொன்று. ஒவ்வொருத்தியும் தன் இடத்தில் போய் நின்று காலால் தட்டிக் காட்டுவாள். ரமாபாய் வழிப்பாள், வெள்ளை வட்டம் வரும். இரண்டு பேர் தங்களுக்குள் சண்டை போட்டார்கள், பதினெட்டு உன்னுதா என்னுதா என்று. வழித்துப் பார்த்ததில் இரண்டு பேரும் சரி, அது பதினெட்டும் பத்தொன்பதும். மறுநாள் முப்பத்தெட்டு ஆயிற்று. நாற்பதாம் நம்பரைப் பிடுங்கிய ஆன்சி கல்யாணமாகி சடையங்குப்பம் போய்விட்டிருந்தாள். வீடியோ கால் போட்டார்கள். "கேமராவ இந்தாண்ட திருப்பு... இன்னும் கொஞ்சம்... அந்த எருக்கஞ்செடிக்குப் பின்னால... ஆங், அங்கதான், உன் காலுக்கு கீயதான்" என்று அடுப்படியில் நின்றுகொண்டே ஆன்சி சொன்னாள். வழித்தார்கள். இருந்தது.

பதினாலாம் நம்பர் மட்டும் கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்று சொல்லக்கூடாது, எங்கே இருக்கிறது என்று தெரியும். அதுவும் ராஜாத்தி பிடுங்கியதுதான். பிடுங்கியதோடு விடாமல், எவனும் வந்து திரும்ப நடக்கூடாது என்று அதன் மேலேயே சிமென்ட் போட்டுத் துணி துவைக்கிற கல்லைப் பதித்துவிட்டாள். இப்போது, "கடப்பாறை எடுத்தாந்து பேத்துடட்டுமா?" என்று கேட்டாள். வேண்டவே வேண்டாம் என்றாள் ரமாபாய். நோட்டில் பதினாலுக்கு நேரே 'துணி துவைக்கும் கல்' என்று எழுதிக்கொண்டாள். முப்பத்தொன்பது போதும், தாராளம்.

ஒன்பது நாள் எண்ணினாள். கம்பியே இல்லாமல் இனி எப்படி அடையாளம் வைப்பது என்பதற்கும் வழி கிடைத்தது. ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு வாசற்படியிலிருந்து டேப் பிடித்து தூரத்தைக் குறித்துக்கொண்டால் போதும், வாசலுக்கு முன்பக்கம் அந்த இரண்டும் சேருகிற இடம் ஒன்றுதான். டேப்பின் ஒரு முனையைப் படியில் வைத்து மிதித்துக்கொண்டு நிற்க வீட்டுக்கு ஒருத்தி வந்தாள். வீடு இருக்கிற வரைக்கும் கட்டமும் இருக்கும். இதை அவள் சொல்லாமலே அவர்கள் புரிந்துகொண்டார்கள்.

கணக்கு முழுசாகச் சேர்ந்தபோது அவள் எதிர்பாராத ஒன்று வெளியே வந்தது. வெள்ளத்துக்கு அப்புறம் வேலி ஓரத்துக் கட்டங்கள் இன்னும் உப்புப் பூத்துக் கிடந்தன. அங்கே மொத்தமே பத்தொன்பது வகைச் செடி. வீட்டோரக் கட்டங்களில் முப்பத்திநாலு வகை. தும்பை, மூக்கிரட்டை, பொடுதலை, அம்மான் பச்சரிசி என்று வெள்ளத்தில் போனவையெல்லாம் திரும்பி வந்திருந்தன. ஏன்? மூன்று வாரம் மண்ணைப் பரிசோதித்த பிறகு காரணம் கிடைத்தது. பாத்திரம் கழுவின தண்ணீர், அரிசி களைந்த தண்ணீர், துணி அலசின தண்ணீர் என்று இருபத்தாறு வீட்டுப் பெண்களும் நாள் தவறாமல் வாசலில் வீசியதில் உப்பு கழுவிக்கொண்டு போயிருந்தது. பதினாலாம் நம்பர் கல்லைச் சுற்றித்தான் செடி அதிகம். வெள்ளம் கெடுத்த மண்ணைத் தேற்றியது யார் என்று கேட்டால், அந்த மண்ணில் இருக்க உங்களுக்கு உரிமை இல்லை என்று யார் வேண்டுமானாலும் வந்து விரட்டக்கூடிய அதே பெண்கள்தான். ரமாபாய் அதைப் பொறுமையாக, அட்டவணை போட்டு, யாரும் மறுக்க முடியாதபடி எழுதினாள். அவளைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் நன்றி சொல்ல வேண்டும். "உள்ளூர் மக்களின் ஒத்துழைப்புன்னு ஒரு வரி போட்டுடும்மா, எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க" என்றார் சுப்புராயன். அவள் இருபத்தாறு பேரையும் பேர் சொல்லி எழுதினாள், ஒவ்வொருத்தியும் பிடுங்கிய கட்டத்தின் நம்பரோடு. அவர் படித்தார், கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி மாட்டினார். "சரி, இருக்கட்டும்" என்றார்.

அச்சடித்து பைண்ட் செய்த முதல் பிரதியை சைடிங்குக்குத்தான் எடுத்துப் போனாள். ராஜாத்தி கையைத் துடைத்துவிட்டு வாங்கினாள். அவள் பேர் எங்கே இருக்கிறது என்று காட்டச் சொன்னாள். காட்டியதும் அவள் முகம் மாறியது.

"எல்லாரு பேரையும் எயுதிட்டியே. நாளைக்கு இத்த வெச்சி கேசு கீசு வராதே?"

"வராதுக்கா. தேங்க்ஸ் சொல்லி எழுதியிருக்கேன். நீங்க இல்லன்னா இந்தப் புக்கே இல்ல."

ராஜாத்தி தன் பேரின் மேல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். மீன் வாசனை அந்தப் பக்கத்தில் இன்றைக்கும் இருக்கிறது.

சாயங்காலம் அதே புத்தகத்தை அம்மாவின் மடியில் வைத்தாள் ரமாபாய். பட்டம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. மகளே படித்துக் காட்டினாள். பட்டியலில் முதல் பேர் பட்டம்மாள், நூற்றுப் பன்னிரண்டு. சைடிங்கில் கால் வைக்காதவள் பேர் எதற்கு அங்கே என்று பட்டம்மாள் கேட்கவில்லை. அப்புறம் மீதி இருபத்தாறு பேர். ஒவ்வொரு பேருக்கும் தலையை ஆட்டிக்கொண்டே வந்தாள். முடிந்ததும் கேட்டாள்.

"இவங்கல்லாம் இன்னும் அங்கயேதான் கீறாங்களா?"

"ஆன்சி மட்டும் கல்யாணமாகி சடையங்குப்பம் போயிட்டா. மத்தவங்க அங்கதான்ம்மா கீறாங்க."

"எங்கூட கம்பி புடுங்குன லூர்து எங்க போனாளோ, எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாதுடி" என்றாள் பட்டம்மாள். பிறகு எழுந்து போய், இரும்புப் பட்டையைச் செருகி ஜன்னலைச் சாத்தினாள்.